சீர்த்தட்டில் வந்த மீன்

மீன்தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு கலப்பது, பம்பை எந்த மூலையில் வைப்பது, விளக்கை எப்போது அணைப்பது என்றெல்லாம் என் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதில்லை. கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறீர்கள். அது நல்லதுதான். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது தருமபுரியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தவர்களை ஒரே தெருவில் உட்கார வைத்துவிடலாம். ஆகவே அந்தச் சங்கதிகளை விட்டுவிடுகிறேன். தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதற்கு முன் நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா செய்தியாளனாக இருந்தேன். நெடுஞ்சாலை விபத்து, தக்காளி விலை, குடிநீர் மறியல். அந்த வேலை நின்றபோது சின்னதாக மீன் கடை வைத்தேன். உப்புநீர் மீன் எடுக்க முதல் தடவை சென்னை கொளத்தூருக்குப் போனபோது, மொத்த வியாபாரி ஒருவரிடம் என் தொட்டி எத்தனை லிட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் இருந்த வலையைக் கீழே வைக்கவில்லை.

"லிட்டரை வுடுப்பா. தரை எவ்ளோ?"

புரியவில்லை என்றேன்.

"மேல நீந்துற மீனுக்குத் தண்ணி வேணும். கீழ குந்திக்கினு இருக்கற மீனுக்கு இடம் வேணும். தண்ணிய பங்கு போட்டுக்கும். இடத்த பங்கு போட்டுக்காது."

அவரிடம் பல வருடம் மீன் வாங்கினேன். அதற்குமேல் அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. இது போதுமானதாக இருந்தது.

நம் ஊர் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வரப்பு என்று ஆரம்பித்தாலே தலையாட்டிவிடுவார்கள். மணலுக்குள் வளை வைத்து வாழும் மீன் ஒன்று, பாறைமேல் உட்கார்ந்து பாசி சுரண்டும் மீன் ஒன்று என்றால், சின்னத் தொட்டியிலும் இரண்டும் காலம் தள்ளும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் அப்படி இரண்டு மீன்கள் வெகுகாலம் இருந்தன. அவை ஒன்றை ஒன்று பார்த்ததாகவே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் பொருத்தம் என்றால் சிநேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரைமீன்களில் பொருத்தம் என்பது ஒன்றின் வழியில் ஒன்று வராமல் இருப்பது. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே பழக்கம் உள்ள இரண்டை இரண்டடித் தொட்டியில் விட்டால், பிறகு ஒன்றைத்தான் பார்ப்பீர்கள்.

மாரண்டஹள்ளியில் நடந்தது இதுதான். ஆனால் அங்கே யாரும் அறியாமையால் எதையும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் தக்காளி மண்டி வைத்திருப்பவர். அவர் மகள் ஹரிணி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், கெஞ்சி வாங்கிய தொட்டி அது. உள்ளே மஞ்சள் கோபி என்ற தரைமீன் ஒன்று, விரல் நீளம். அதோடு ஒரு பிஸ்டல் இறால். இந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலைத் தோண்டி வளை அமைக்கும். மீன் வளை வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கும். இறாலின் மீசை எப்போதும் மீன்மேல் பட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு தடவை அசைக்கும். இரண்டும் உள்ளே போய்விடும். ஹரிணி இதை மணிக்கணக்கில் பார்ப்பாள். மீனுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தம்பி கிண்டல் செய்வான் என்றாள்.

அவள் வயதுக்கு வந்து மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். மண்டிக்காரர் முதல்நாளே என்னை அழைத்தார்.

"சொந்தக்காரங்கல்லாம் வராங்க சார். தொட்டி பளிச்சுனு இருக்கணும். நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

பிறகு குரலைத் தணித்து, "என் மச்சான் வராருங்க" என்றார்.

அந்த மச்சான் காரிமங்கலத்துக்காரர். ஹரிணியின் அம்மாவுக்கு ஒரே அண்ணன். அப்பா இறந்தபின் மாந்தோப்பில் தங்கை பங்கு கேட்டார் என்பதால் பேச்சு நின்றிருந்தது. நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் இந்த விழாவை எப்படி நடத்துவது என்று மண்டிக்காரரின் அக்காவே வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். "மாமன் சீர் இல்லாத பொண்ணுன்னு ஊரு பேசும்" என்று. ஹரிணியின் அம்மா நேரில் போய் அண்ணனை அழைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம்.

வந்தார். தெருமுனையிலிருந்து மேளத்தோடு சீர்த்தட்டுகள் வந்தன. பட்டு, வளையல், பழம், இனிப்பு. அதில் ஒரு தட்டில், வெற்றிலை பாக்குக்கு நடுவே, காற்றடைத்த பிளாஸ்டிக் பை. பையின்மேல் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். உள்ளே மஞ்சள் கோபி. ஹரிணியின் மீனைவிடப் பெரியது.

அவர் அதற்காகப் பெங்களூர் போயிருக்கிறார். நேரில் அழைத்துவிட்டுப் போனபின் தங்கை அனுப்பிய கைப்பேசிப் படத்தைக் கடையில் காட்டி, அதே மீன் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தட்டைக் கூடத்தில் இறக்கியதும் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பட்டுச்சேலைய யாரு வேணாலும் குடுப்பாங்க. எம் பொண்ணு ஒத்த மீன வச்சிக்கிட்டு உக்காந்திருக்குதுன்னு கேள்விப்பட்டேன். ஒத்தையா வச்சா ஆவாது. ஜோடி கொண்டாந்திருக்கேன்."

கூடம் சிரித்தது. ஹரிணியின் அம்மா சிரிக்கவில்லை. அழுதுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அலங்காரத்தில் உட்கார்ந்திருந்த ஹரிணி பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். இரண்டு கோபி வைக்கலாமா என்று அவளே என்னிடம் முன்பு கேட்டு, கூடாது என்று தெரிந்துகொண்டவள்.

"தொட்டி சார் இருக்காருல்ல, அவரு கையால வுடட்டும்" என்றார் மாமா.

இந்த இடத்தில் உங்களில் பலர் சபையிலேயே உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். நான் மண்டிக்காரரைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். ரெண்டும் ஆண், பெரியது சின்னதைக் கடிக்கும், என் கடைக்கு எடுத்துப் போகிறேன், வேறு தொட்டி தயாரானதும் கொண்டுவருகிறேன்.

அவர் கையைப் பிசைந்தார். "சீர்ல வந்தது இன்னைக்கு வாசப்படி தாண்டக் கூடாதுங்க. அதும் அவரு கண்ணு முன்னாடி. இத்தன வருசம் கழிச்சி வந்திருக்காரு சார். அவ மூஞ்சிய பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எனவே வண்டியில் இருந்த ஓட்டைப் பெட்டியை எடுத்துவந்தேன். குஞ்சு மீன்களைத் தனியாக வைக்கத் தொட்டிக்குள் மாட்டுவோமே, அது. புது மீனை அதில் விட்டு, பயணக் களைப்பு தீரச் சில நாள் இதற்குள் இருக்க வேண்டும் என்று சபைக்குச் சொன்னேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மணல் தரையில் சின்ன மீன் வளைக்கு வெளியே வந்து மேலே அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்து காட்டியது. ஒரு பாட்டியம்மாள், "பாரு, வான்னு கூப்புடுது" என்றார்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று மண்டிக்காரரிடம் தனியாகச் சொல்லிவிட்டு அதியமான்கோட்டைக்கு, என் வீட்டுக்கு, வந்தேன்.

மறுநாள் காலை ஹரிணி போனில் பேசினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அங்கிள், மாமா தொறந்து வுட்டுட்டாரு."

"எப்ப?"

"இப்பத்தான். நான் குளிச்சிட்டு வந்து பாக்கறேன். சீர் குடுத்த மீன ஜெயில்ல போட்டு வச்சிருக்கீங்களான்னு சிரிச்சிட்டே எடுத்து வுட்டாராம். அப்பாவும் அவரும் மண்டிக்குப் போயிட்டாங்க."

"என்ன பண்ணுதுங்க?"

"வாயில வாய வச்சிக் கடிச்சிக்கிட்டு நிக்குதுங்க."

வலை போட்டுப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் துரத்தினால் இரண்டும் கல்லுக்கு அடியில் போகும். கல்லைத் தூக்கினால் மணல் சரிந்து எல்லாமே நசுங்கும். பழகாத கைக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. விளக்கை அணை, மூடியைப் போடு, நான் வருகிறேன் என்றேன். தோற்ற மீன் தரையில் ஒளிய இடமில்லாவிட்டால் மேலே எகிறும். கோபிகள் அதில் கெட்டிக்காரர்கள்.

"மூடி இங்க இல்ல அங்கிள். மாமா எடுத்து எங்கயோ வச்சிட்டாரு. வூடு பூரா பாத்திரமும் பூக்கூடையுமா கெடக்குது."

"துணியாவது போட்டு மூடு."

அவள் துணி எடுக்கத்தான் போயிருக்கிறாள். நான் பாலக்கோடு தாண்டி மாரண்டஹள்ளி போய்ச் சேர்ந்தபோது தொட்டிமேல் ஒரு துண்டு விரித்திருந்தது. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தொட்டித் தண்ணீர் ஊற்றி, சின்ன மீனை அதில் போட்டு வைத்திருந்தாள். அவள் துணியோடு வருவதற்குள் எகிறி, டிவி மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். துடுப்புகள் கிழிந்திருந்தன. தாடைப் பக்கம் சதை போயிருந்தது. உயிர் இல்லை. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் டம்ளரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, பார்க்க வேண்டிய நேரம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தேன்.

முதலில் பேசியவர் அவள் அத்தை, மண்டிக்காரரின் அக்கா. கூடத்து வாசலில் பூக்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மங்களம் நடந்த வூட்டுல மறுநாளே ஒரு உசுரு போயிடுச்சு. சீர் வந்த நேரம் அப்புடி."

ஹரிணியின் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அதே சமயத்தில் மண்டியிலிருந்து ஆண்கள் இருவரும் திரும்பினார்கள். மாமா கையில் ஒரு பை நிறையத் தக்காளி, தங்கை மாப்பிள்ளையான மண்டிக்காரர் கொடுத்தது. டம்ளரைப் பார்த்தார். தக்காளிப் பையைக் கீழே வைத்தார்.

"என்னாச்சி?"

அத்தை கூடையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் தொறந்து வுட்டதாலயா?" என்று என்னைக் கேட்டார். நேரான கேள்வி. என் பழைய தொழிலில் இப்படிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

நான் வாய் திறக்குமுன் ஹரிணி சொன்னாள்: "இல்ல மாமா. அதுக்கு வயசாயிடுச்சு. ரொம்ப நாள் தாங்காதுன்னு அங்கிள் போன மாசமே சொல்லிட்டாரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த மீனுக்கு இன்னும் பல வருடம் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹரிணி மட்டும் பார்க்கவில்லை. தொட்டிமேல் கிடந்த துண்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கூடாது என்பது செய்தி எழுதுபவன் முதலில் படிக்கும் பாடம். ஹரிணியின் அம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. வயசுதான்" என்றேன்.

மாமா மூச்சு விட்டது கூடம் முழுக்கக் கேட்டது. "அப்பாடா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அழுவாத பாப்பா. அடுத்த வாரமே இதுக்கு ஒரு ஜோடி புடிச்சாந்துடறேன். அந்தக் கடைக்காரனுக்குப் போன் போட்டா எடுத்து வைப்பான்."

பொய்க்கு இருக்கும் சிக்கல் இது. ஒன்றைக் காப்பாற்றச் சொன்னால் அடுத்ததைக் கொல்ல வழி திறந்துவிடும்.

"வேண்டாங்க" என்றேன். "இது தனியா இருக்கற ஜாதி. கூட இன்னொன்னு வுடக் கூடாது."

"அப்படின்னா நேத்து..." என்று ஆரம்பித்தார்.

அங்கேயே நின்றுவிட்டார். எழுந்துபோய்த் துண்டைக் கொஞ்சம் விலக்கி, கண்ணாடிக்குள் பார்த்தார். அவர் கொண்டுவந்த மீன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு கன்னத்தில் மட்டும் லேசாகக் கீறல். வளைக்குள்ளிருந்து இறால் ஒரு வாய் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மீசையை அந்த மீன்மேல் வைத்துக்கொண்டது. அதற்கு வாசலில் யாராவது இருந்தால் போதும். ஹரிணியும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மாமா துண்டை முன்பிருந்தபடியே விரித்தார். "சரிங்க. ஒத்தையாவே இருக்கட்டும்" என்றார். சாப்பிட்டார். தங்கை இன்னும் கொஞ்சம் என்று போட்டதையெல்லாம் சாப்பிட்டார். அத்தை கிண்டலாக ஏதோ கேட்டதற்கும் சிரித்தபடியே பதில் சொன்னார்.

கிளம்பும்போது என்னைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிடச் சொன்னார். மாப்பிள்ளையிடமே வண்டி இருந்தது, ஆனாலும் என்னைத்தான் கேட்டார். வண்டியைவிட்டு இறங்கியதும் உடனே நகரவில்லை.

"பொண்ணு பொய் சொல்லிச்சு. இல்லீங்களா?"

நான் வண்டியை அணைத்தேன்.

"எங்கப்பனாட்டமே. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது." சட்டைப் பையிலிருந்து பேருந்துக்குச் சில்லறை எடுத்தார். "ரெண்டு வரப்புக்காரன ஒண்ணா உட்டா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? மீனுக்கும் அதேதான்னு தெரியாமப் போச்சு. சார், எனக்குத் தெரியும்னு தங்கச்சிக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா மறுபடியும் என்னைக் கூப்புட வெக்கப்படுவா."

பேருந்து வந்தது. ஏறும் முன் இன்னொன்றும் சொன்னார். "அந்த மீன் மட்டும் சாவாமப் பாத்துக்கங்க. அதும் செத்தா மாப்பிள்ளையோட அக்கா என்னா பேசும்னு தெரியுமில்ல."

அடுத்த தடவை பராமரிப்புக்குப் போனபோது ஹரிணியின் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "மாமனுக்குத் தெரிய வேணாம்னு புள்ள பொய் சொல்லிச்சு. எனக்குத் தெரியும்ங்க. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிக்காதீங்க" என்றார். ஆக அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று அண்ணனும் தங்கையும் என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா இப்போது எல்லா விசேஷத்துக்கும் வருகிறார். வந்ததும் முதலில் தொட்டியிடம் போய், "எப்புடிடா இருக்க?" என்பார். வீட்டில் வேறு யாரும் அதன் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஹரிணி தீனி போடுவதை ஒருநாளும் மறந்ததில்லை. போட்டுவிட்டு விழுகிறதா, தின்கிறதா என்று நிற்காமல் போய்விடுவாள். கல்லூரிக்கு ஓசூர் போனபிறகு அவள் அம்மா போடுகிறார். நான் பராமரித்த தொட்டிகளில் இதற்குக் கொடுத்த கவனத்தை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. தண்ணீரில் சின்ன மாற்றம் என்றாலும் மறுநாளே போய் நின்றிருக்கிறேன். மின்தடைக்குத் தனி பேட்டரி அந்த ஒரு வீட்டுக்குத்தான் வைத்தேன். யாருக்கும் பிடிக்காத ஒரு மீனை, சாகக் கூடாது என்பதற்காக மட்டும், வீடே சேர்ந்து காப்பாற்றுகிறது.

அந்த வீடு இப்போது உங்கள் சுற்றில் வருகிறது. தரை காலியாக இருக்கிறதே, இன்னொன்று சேர்க்கலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். சேர்க்காதீர்கள். இருக்கிற மீனை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றும் நினைக்காதீர்கள். பாறைமேல் உட்காரும் மீன் ஒன்று அங்கே பொருந்தும் என்பது எனக்கும் தெரியும். மீன் சம்மதிக்கும். வீடு சம்மதிக்காது.

மீனின் நிறம் வெளிறத் தொடங்கியிருக்கிறது. தீனி முன்போல் எடுப்பதில்லை. நோய் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். நீங்கள் போயிருக்கும் ஒரு நாளில் அது வளைக்கு வெளியே படுத்திருக்கும். ஹரிணியின் அம்மா என்ன ஆயிற்று என்று உங்களைக் கேட்பார். வயதாகிவிட்டது என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் அதை நம்ப மாட்டார்கள்.